தானே திறந்துகொள்ளும் பெட்டி

ஜூன் 3, செவ்வாய்

புதுப் பெட்டி வந்துவிட்டது. நான்கு டிஸ்க், கறுப்பு நிறம், இரண்டு செங்கல்லை ஒட்டி வைத்த அளவு. பதினோரு வருடத்து நோயாளிகளின் கோப்புகள் இனி இதில்தான். ஸ்கேன் செய்த காகிதங்கள், மாத்திரைச் சீட்டுகள், ஒவ்வொரு நோயாளி போனதும் சண்முகவடிவு டாக்டரம்மா சொல்லிப் பதிந்துவைக்கும் குரல் குறிப்புகள். க்ளினிக்கின் ஆறு கம்ப்யூட்டர்களும் நெட்வொர்க் வழியாக இந்த ஒரு பெட்டியிலிருந்துதான் எடுத்துப் படிக்கும்.

க்ளினிக்கின் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் என் பொறுப்பு. பழைய கம்ப்யூட்டரிலிருந்து எல்லாவற்றையும் மாற்றி, வருடவாரியாகச் சரிபார்த்தேன். 2017-ஐ மட்டும் திறந்து பார்க்கவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தது. அது போதும்.

கோப்புகளைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்து வைத்தாயிற்று. ஆனால் அது மட்டும் போதாது. பெட்டி ஒவ்வொரு முறை அணைந்து எழும்போதும் ஓர் ஆள் கடவுச்சொல்லைத் தட்டினால்தான் டிஸ்க் திறக்க வேண்டும். அப்படி வைக்காவிட்டால் சாவியும் பெட்டிக்குள்ளேயே இருக்கும். தூக்கிக்கொண்டு போகிறவன் ப்ளக்கைச் சொருகினால் போதும், அதுவே திறந்துவிடும்.

டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னபோது, "மனநோய் ஆஸ்பத்திரிப் பெட்டிய யாரு அம்மிணி தூக்கிட்டுப் போறாங்க?" என்று சிரித்தார். ஆனாலும் சரி என்றார். நான்கு சொற்கள் கொண்ட கடவுச்சொல் வைத்தேன். அதை இங்கேகூட எழுத மாட்டேன். ஒரு காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, டாக்டரம்மாவின் பீரோவில் வைத்தாயிற்று.

அவருடைய தம்பி கிரிதரன்தான் க்ளினிக்கின் நிர்வாகம். அவர் கதவில் சாய்ந்து நின்று பார்த்துவிட்டு, "இதென்ன ராணுவ ரகசியமுங்களா?" என்றார்.

ராணுவ ரகசியத்தைவிடப் பெரிது. நோயாளி நாற்காலியில் ஒரு முறை உட்கார்ந்து எழுந்தவருக்குத் தெரியும்.

ஜூன் 9, திங்கள்

கொதித்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று ஞாயிறு முழுக்கப் பராமரிப்பு மின்தடை. யுபிஎஸ் காலியாகிப் பெட்டி அணைந்துவிட்டது. காலையில் மின்சாரம் வந்ததும் எழுந்து, கடவுச்சொல் கேட்டு நின்றிருக்கிறது. அது அதன் வேலை. நான் அப்போது சித்தோட்டில் பஸ் ஏறியிருந்தேன். கிரிதரன் போன் செய்தார்.

"பாஸ்வேர்டைச் சொல்லுங்க தமயந்தி, ஹசீனாவே தட்டிக்குவா."

"பஸ்ல இருக்கேனுங்க. சுத்தி ஆளுக. போன்ல சொல்ல முடியாது. பீரோவுல உறை இருக்குது."

"அக்கா பீரோ சாவிய வீட்ல வெச்சுட்டு வந்துட்டாங்க. பதினாலு பேர் உக்காந்திருக்காங்க இங்க. ஒரு பெட்டியத் தொறக்க நீங்க ஊர்வலமா வரணுமுங்களா?"

இருபத்தைந்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன், தட்டினேன், திறந்தது. ரிசப்ஷனில் இருக்கும் ஹசீனாவுக்கும் கடவுச்சொல் தெரியட்டும், இந்தத் தொல்லை இருக்காது என்றேன். "ரிசப்ஷன் புள்ளைக்கெல்லாம் குடுக்கறதுங்களா?" என்று கேட்டார் கிரிதரன். ஒரு பஸ் நிறைய ஆட்கள் கேட்கும்படி சொல்லச் சொன்னவர் இவர்தான்.

ஜூன் 10, செவ்வாய்

மகள் தாரணியின் பள்ளி அடையாள அட்டை தொலைந்துவிட்டது. பீன்ஸ் பொரியல் அடிப்பிடித்தது. என் மாமியார் அத்தை, கரிந்ததை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார்.

ஜூன் 16, திங்கள்

மறுபடியும் மின்தடை, மறுபடியும் பெட்டி அணைந்தது, மறுபடியும் கிரிதரன். இந்த முறை நான் க்ளினிக்கிலேயே இருந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனாலும் சாயங்காலம் கூட்டம் போட்டார்.

"சென்னையில பெரிய பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் பார்த்திருக்கேன். இப்படி ஒரு கூத்து எங்கயும் இல்ல. பெட்டிய ஆன் பண்ணினா ஓடணும். அவ்வளவுதான். தமயந்திக்கு லீவு வேணும்னா க்ளினிக்குக்கும் லீவுங்களா?"

யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போடலாம் என்றேன். ஹசீனாவுக்குச் சொல்லித்தருகிறேன் என்றேன். டாக்டரம்மா பீரோ சாவியைக் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும் என்றேன். மூன்று வழி சொன்னேன். அவர் ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் டாக்டரம்மா களைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

"கொஞ்ச நாளைக்கு அந்தப் பூட்ட எடுத்து வெச்சிரேன் அம்மிணி. அப்புறம் பார்த்துக்கலாம்."

அவர் அப்படிப் பார்த்தால் என்னால் மறுக்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

மாலை 5.40-க்குப் பூட்டு எடுக்கப்பட்டது. பெட்டி இனி தானே திறந்துகொள்ளும்.

ஜூன் 18, புதன்

பச்சைக் குடைக்காரர் வந்திருந்தார். நோயாளிகளின் பெயரை இந்த நோட்டில் எழுதுவதில்லை. மழையோ வெயிலோ பச்சைக் குடையோடு வருவார், அதனால் அப்படி. ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியர். காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் மேடை ஏறினால் மூச்சு அடைக்கிறது, கை நடுங்குகிறது. அதற்காக வருகிறார். வருவது அவர் மனைவிக்குக்கூடத் தெரியாது.

டாக்டரம்மா வரத் தாமதமானதால் என் மேசைப் பக்கம் வந்து நின்றார். "ஏனுங்க, நாங்க உள்ள சொல்றதெல்லாம் எங்கீங்க இருக்கும்?"

பெட்டியைக் காட்டினேன்.

"பத்திரமா இருக்குமுங்களா?"

"பத்திரமா இருக்குதுங்க" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கிரிதரனை நினைத்து ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு மனிதரிடம் என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டாரே.

ஜூன் 24, செவ்வாய்

ரேஷன் கடையில் ஒரு மணி நேரம். தாரணிக்குப் புது அடையாள அட்டை வாங்கியாயிற்று.

டாக்டரம்மாவும் கிரிதரனும் அறைக்குள் சத்தமாகப் பேசிக்கொண்டார்கள். பெருந்துறை ரோட்டில் கிரிதரன் தனியாக ஒரு மையம் திறக்கப்போகிறாராம். தியானம், கவுன்சலிங், எண்ணெய்க் குளியல், எல்லாம் ஒரே கூரையின்கீழ். அக்காவின் பெயரைப் பலகையில் போட்டுக்கொள்ளக் கேட்டிருக்கிறார். டாக்டரம்மா முடியாது என்றுவிட்டார்.

பூட்டைத் திரும்பப் போடலாமா என்று கேட்க இது நேரமில்லை என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

பெட்டி இல்லை.

அலமாரியில் நீலக் கேபிள் மட்டும் தொங்குகிறது. அது இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம்.

"நேத்து காலையில கிரி சார் கார்ல வந்தாராம்க்கா" என்றாள் ஹசீனா. "ரிப்பேருக்குக் கொண்டு போறேன்னு வாட்ச்மேன்கிட்டச் சொல்லியிருக்காரு. வாட்ச்மேனே தூக்கிக் கார்ல வெச்சிருக்காரு."

கிரிதரன் போனை எடுக்கவில்லை. டாக்டரம்மா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். "அவன்தான். கோவத்துல எடுத்துட்டுப் போயிருக்கான். ரெண்டு நாள்ல கொண்டாந்து வெச்சிருவான்."

வாராவாரம் நான் எடுக்கும் நகல் டிஸ்க் பீரோவில் இருக்கிறது. அதை வைத்து வைத்தியம் நடந்துவிடும். நமக்கு ஒன்றும் தொலையவில்லை. அதுதான் கொடுமை. நமக்கு எதுவுமே தொலையவில்லை, ஆனால் எல்லாம் இன்னொருவர் கையில்.

ஜூலை 2, புதன்

காலையிலிருந்து போன் ஓயவில்லை. நோயாளிகளுக்கெல்லாம் வாட்ஸ்அப் வந்திருக்கிறது. தூக்கம் வராதவருக்குத் தூக்கத்தைப் பற்றி. குடியை விட்டவருக்குக் குடியைப் பற்றி. மகனை இழந்த அம்மாளுக்கு, "பிரிவுத் துயரிலிருந்து மீள எங்கள் புதிய மையம்" என்று பூப்படத்தோடு. ஒவ்வொருவரின் கோப்பையும் திறந்து படித்து, அவரவர் புண்ணைப் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள். இதைச் செய்ய ஒருவன் சாவகாசமாக உட்கார்ந்திருக்க வேண்டும். டீ குடித்துக்கொண்டு படித்திருப்பான்.

பன்னிரண்டு மணிக்குப் பச்சைக் குடைக்காரர் வந்தார். மாற்று எண் என்று எப்போதோ மனைவியின் எண்ணைக் கொடுத்திருந்தாராம். அந்த எண்ணுக்கும் போயிருக்கிறது. மேடைப் பயமா, பதற்றமா, வாருங்கள் என்று. மனைவி பள்ளித் தாளாளருக்குத் தங்கை முறை.

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கத்தவில்லை.

"பத்திரமா இருக்குதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்றார். அவ்வளவுதான். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 3, வியாழன்

இந்த நோட்டை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். ஜூன் 16-இல் "பூட்டு எடுக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறேன். யாரோ வந்து எடுத்துவிட்டுப் போன மாதிரி.

எடுத்தது நான். அந்தப் பக்கத்தைத் திறந்தது நான், "தானே திறக்கவும்" என்ற கட்டத்தில் டிக் போட்டது நான். உறுதியாகவா என்று பெட்டி இன்னொரு முறை கேட்டது. ஆம் என்று அழுத்தியதும் நான்தான். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அவர்களுக்கு எப்படி எடுப்பது என்றே தெரியாது.

கிரிதரன் மேல் இருக்கும் கோபம் இதனால் ஒரு துளியும் குறையவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 4, வெள்ளி

கிரிதரனே காலையில் கூப்பிட்டார். புது ஆட்கள் நால்வருக்குப் பெட்டியில் கணக்கு உண்டாக்க வேண்டும், நிர்வாகக் கடவுச்சொல் என்னிடம்தானே இருக்கிறது, ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள் என்று. கூச்சமே இல்லாமல். ஹசீனாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனேன்.

பெருந்துறை ரோட்டில் புதுப் பெயின்ட் வாசனையோடு ஒரு கட்டடம். உள்ளறையில் தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் நம் பெட்டி. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"வாங்க தமயந்தி. கோவமா இருப்பீங்கன்னு தெரியும். டீ சொல்லட்டுங்களா? சும்மா ப்ளக்கச் சொருகினேன், பத்தே நிமிசம், தானா தொறந்துக்கிச்சு. உங்க வேலை சுத்தமான வேலைங்க." சிரித்தார். "இங்கயே வந்துருங்க. அக்கா இன்னும் எத்தனை வருசம் க்ளினிக் நடத்துவாங்க?"

அங்கிருந்த கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் போனில் யாரிடமோ பலகைக்கு விளக்குப் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்குள் போனேன். அந்த டிக்கை எடுத்தேன். புதுக் கடவுச்சொல் போட்டேன். பழைய சாவியை அழித்தேன். உறுதியாகவா என்று கேட்டது. ஆம். பிறகு பெட்டியை அணைத்து எழுப்பினேன்.

போனை வைத்துவிட்டு வந்தவர் திரையைப் பார்த்தார். "என்னங்க கேக்குது?"

"கடவுச்சொல் கேக்குதுங்க."

"போடுங்க."

"போட மாட்டேனுங்க."

நான் விளையாடவில்லை என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ப்ளக்கைப் பிடுங்கிச் சொருகினார். இன்னொரு முறை பிடுங்கிச் சொருகினார். ஒவ்வொரு முறையும் அதே கட்டம். கத்துவார் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"உங்க பதினேழாம் வருசத்து ஃபைல நேத்தே படிச்சுட்டேன் தமயந்தி. அதுக்கு இனிமே பாஸ்வேர்ட் வேண்டாம் பாருங்க. உங்க வீட்ல மஞ்சக்காமாலைன்னு சொல்லி வெச்சிருக்கீங்கன்னு அக்கா குறிப்புலயே இருக்குது. புள்ளையோட நீங்க கிணத்துமேட்டுல நின்னது உங்க மாமியாருக்குத் தெரியுமுங்களா? அந்தப் புள்ளைக்கு?"

எழுந்து வந்துவிட்டேன். பஸ் ஏறிய பிறகு பத்துப் பதில் தோன்றியது. பத்தும் நல்ல பதில்.

ஜூலை 5, சனி

இட்லிக்கு அரைத்தேன். துணி துவைத்தேன். கிணற்றுமேட்டைப் பற்றி எழுத மாட்டேன்.

அவன் படித்துவிட்டான். நான் எழுத மாட்டேன் என்றால் அதைச் சொல்லும் உரிமை அவனுக்கு மட்டும்தான் என்றாகிவிடும். எழுதுகிறேன்.

தாரணி பிறந்து முப்பத்துநான்காம் நாள், கவுந்தப்பாடியில், அம்மா வீட்டில். அதற்கு முன் மூன்று வாரமாக எனக்குத் தூக்கம் இல்லை. பிள்ளை அழுதால் யாரோ தெருவில் அழுவது போல இருக்கும். அன்று அவளைத் தூக்கிக்கொண்டு கிணற்றுமேட்டில் போய் நின்றேன். ஏன் போனேன் என்று எனக்குத் தெரியும். அதை டாக்டரம்மாவிடம் மட்டும் சொன்னேன். என் தங்கை வந்து பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டாள். மறுநாள் என் கணவர் என்னை டாக்டரம்மாவிடம் அழைத்து வந்தார். இரண்டு மாதம் கடுமையாக மருந்து, அப்புறம் ஒரு வருடம் குறைந்த அளவில். சரியாகிவிட்டது. பிரசவத்துக்குப் பின் வருகிற நோய் அது, பலருக்கும் வருகிறது என்று டாக்டரம்மா அப்போதே படம் வரைந்து விளக்கினார். காய்ச்சல் வந்ததைச் சொல்லலாமாம், இதைச் சொல்லக்கூடாதாம். யார் வைத்த சட்டம் இது?

நான்கு வருடத்துக்கு முன் அந்த க்ளினிக்கிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். அந்தக் கோப்புக்குப் பக்கத்திலேயே இருக்கலாம் என்றுதான் சேர்ந்தேன் போலிருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

அத்தையிடம் சொன்னேன். என் கணவர் பழனிவேல் கூடவே உட்கார்ந்திருந்தார். தாரணி பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்தாள். புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அத்தை கத்தியைக் கீழே வைத்தார்.

முழுவதையும் கேட்டார். முகம் சிவந்துகொண்டே வந்தது.

"மஞ்சக்காமாலைன்னீங்களே ரெண்டு பேரும்! வரப்பு வரப்பா அலைஞ்சு கீழாநெல்லி பறிச்சு, அரைச்சு அரைச்சு, தினம் காலையில பஸ்ல குடுத்து உட்டனே! அதையெல்லாம் என்ன பண்ணினே?"

"ஊத்திட்டேன் அத்தை."

"ஊத்திட்டியா!" அதற்குத்தான் அவருக்கு அழுகையே வந்தது. "எட்டு வருசமா எங்கிட்டப் பொய். சொல்லியிருந்தா நான் என்ன, ஊரக் கூட்டியிருப்பனா?"

"கூட்டியிருப்பீங்க அத்தை."

புளிக் கூடையைத் தள்ளி வைத்தார். "கூட்டித்தான் இருப்பேன்" என்றார். "அப்ப எனக்குத் தெரியாது. பேய்னு சொல்லியிருப்பேன்." மூக்கைச் சிந்தினார். "அவன் எவன்டா அந்தக் கிரிதரன்? எந்த ஊரு?"

தாரணிக்கு எப்போது சொல்வது என்பதை நான் முடிவு செய்வேன். சீக்கிரம் சொல்வேன்.

ஜூலை 7, திங்கள்

டாக்டரம்மாவுடன் ஸ்டேஷன் போனேன். இருந்த அதிகாரி பாதி கேட்கும்போதே பேனாவை மூடிவிட்டார். "அக்கா தம்பி சண்டைங்க. பெட்டி வாங்கின பில்லு தம்பி பேர்ல இருக்குது. வீட்ல பேசித் தீத்துக்குங்க. இல்ல, யாருக்காச்சும் பாதிப்புன்னா, பாதிக்கப்பட்டவங்க வந்து எழுதிக் குடுக்கணும்."

க்ளினிக்குக்குத் திரும்பியதும் பச்சைக் குடைக்காரருக்குப் போன் செய்தேன். "கையெழுத்துப் போட்டா ஊருக்கே தெரிஞ்சிருமுங்க" என்றார். மகனை இழந்த அம்மாளும் அதையேதான் சொன்னார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர்களுடைய இந்தப் பயத்தை நம்பித்தான் கிரிதரன் இவ்வளவு தைரியமாக இருக்கிறார்.

"நீங்களாவது எழுதுங்க டாக்டரம்மா" என்றேன்.

"என்னால தம்பி மேல கையெழுத்துப் போட முடியாது அம்மிணி. அவனத் தூக்கி வளத்தவ நான்."

என் வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவரிடம் குரலை உயர்த்தினேன். "உங்களை நம்பித்தானுங்க எல்லாத்தையும் சொன்னோம். அவரையா நம்பிச் சொன்னோம்?"

'சொன்னோம்' என்றதை அவர் கவனித்தார். ஹசீனாவும் கவனித்தாள்.

சாயங்காலம் டாக்டரம்மா ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்தார். தமயந்தி பழனிவேல், 2017 முதல் 2018 வரை என்னிடம் சிகிச்சை பெற்றவர், பூரண குணமடைந்தவர். கீழே கையெழுத்து, முத்திரை. தம்பி மேல் போட முடியாத கையெழுத்தை எனக்காகப் போட்டிருக்கிறார். எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனால் வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 9, புதன்

மாலைக்குள் பெட்டி ஸ்டேஷனுக்கு வந்துவிட்டது. கிரிதரனின் இரண்டு போன்களையும், மையத்தில் இருந்த கம்ப்யூட்டரையும் எடுத்து சீல் வைத்துவிட்டார்கள். நாளை அவர் விசாரணைக்கு வர வேண்டும். புதுப் பலகையின் விளக்கை அணைத்துவிட்டார்களாம். ஹசீனா போகிற வழியில் பார்த்துவிட்டுப் போன் செய்தாள்.

காலையில் நடந்ததை எழுதுகிறேன்.

இன்று ஒரு பெண் எஸ்.ஐ. இருந்தார். அத்தையும் கூட வந்தார், வர வேண்டாம் என்று சொல்லியும். வெளியே பெஞ்சில் வேறு வேறு வேலையாக ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அத்தையும் அவர்களோடு உட்கார்ந்துகொண்டார்.

எஸ்.ஐ. டாக்டரம்மாவின் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "ஊழியர்னு போடட்டுங்களா? ஊழியர்னு போட்டாலும் புகாரை எடுத்துக்கலாம். இந்த லெட்டர் இல்லாமலே முடிச்சிரலாம்."

நல்ல மனதோடுதான் கேட்டார். ஒரு நிமிடம் ஆசையாகக்கூட இருந்தது.

"ஊழியர்னு போட்டா திருட்டு மட்டும்தானுங்க வரும். படிச்சுப் பார்த்து மிரட்டினது வராது. நோயாளின்னே போடுங்க. அந்தப் பெட்டியோட பூட்டை எடுத்துவிட்டது நான்தான்னும் சேர்த்து எழுதணும். சொல்லி எடுக்க வெச்சது யாருங்கிறதையும் எழுதணும்."

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தார். பெயர், வயது, முகவரி எல்லாம் ஆயிற்று. நோயைப் பற்றிக் கேட்கும் இடம் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கதவைச் சாத்தும்படி கான்ஸ்டபிளுக்குச் சைகை காட்டினார்.

"தொறந்தே இருக்கட்டுங்க மேடம்" என்றேன்.

நோயின் பெயரைச் சொன்னேன். கிணற்றுமேட்டைச் சொன்னேன். வெளியே பெஞ்சில் பேச்சு அடங்கி, எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கட்டும் என்று சத்தமாகவே சொல்லி முடித்தேன்.